முகத்தில் எண்ணெய் வழிகிறது, ஆனாலும் தோல் இழுக்கிறது

மன்னார்குடியை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து 38 வயது வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது.

ஏசி போட்ட ஜவுளிக்கடையில் காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை பில் போடும் வேலை. மதியத்துக்குள் நெற்றியும் மூக்கும் எண்ணெயாக மினுக்கத் தொடங்கிவிடும். அதனால் சோப்புப் போட்டு நாளைக்கு ஐந்தாறு முறை முகம் கழுவுகிறார். கழுவிய ஐந்து நிமிடத்தில் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள் ஹயலூரானிக் ஆசிட் சீரம் வாங்கிக் கொடுத்தாள். கடையில் உட்கார்ந்திருக்கும்போது அதைப் பூசினால் முன்பைவிட அதிகமாக இழுக்கிறது. மாமியார் சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்ததில் கன்னமெல்லாம் பொரிப்பொரியாக வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே சிறு வயதிலிருந்தே செதில் செதிலாக வறட்சி, சுரண்டினால் வெள்ளைக் கோடு விழும். அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தான். குதிகாலில் பித்தவெடிப்பு. சில வாரங்களாக ராத்திரியில் அரிப்பு வேறு. சர்க்கரை நோய் உள்ள 66 வயது மாமியாருக்கும் அதே அரிப்பு. ஒரு வீடியோவைப் பார்த்துத் தினமும் 5 லிட்டர் தண்ணீர் குடிக்கிறார்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். மங்கு மறைய என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு ட்யூபை நான்கு மாதம் பூசினாராம். முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தி மூன்று வாரமாகிறது. இப்போது வெயில் பட்டாலே எரிகிறது, சிவக்கிறது. ட்யூபில் இருந்த பெயர்களையும் எழுதியிருக்கிறார்: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். “இதுவும் வறட்சிதானே டாக்டர்? ஹைட்ரேட் பண்ணணுமா, மாய்ஸ்சரைஸ் பண்ணணுமா? ரெண்டில் ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்கட்டும்?” என்பது அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். தோலுக்கு நீர் ஏற்றுவது ஒரு வேலை, ஏறிய நீர் ஆவியாகிப் போகாமல் காப்பது இன்னொரு வேலை. ஹைட்ரேட்டிங் என்று விற்பவை பெரும்பாலும் முதல் வேலையைச் செய்கின்றன. நல்ல மாய்ஸ்சரைசர் இரண்டையும் செய்கிறது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கிளிசரினும் அதை மூடிக் காக்கும் பொருளும் சேர்ந்த சாதாரண மாய்ஸ்சரைசரை வாங்குங்கள். சீரம் இல்லாமல் தோல் நன்றாகவே இருக்கும்.

ஆனால் கடைசியில் நீங்கள் எழுதிய விஷயத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த ட்யூப்

இப்போது முகத்தில் எரிவது வெறும் வறட்சி அல்ல. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. முகத்தோல் உடம்பிலேயே மெல்லிய தோல்களில் ஒன்று. அங்கே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டால் தோல் இன்னும் மெலிந்து, அடியிலிருக்கும் சிறு இரத்தக்குழாய்கள் விரிந்துவிடும். மருந்து இருக்கும்வரை அது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கி வைத்திருக்கும், முகம் பளிச்சென்று தெரியும். நிறுத்தியதும் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பும்: எரிச்சல், சிவப்பு, வெயில் தாங்காமை, சில சமயம் சீழ்ப்பரு. ட்யூபிலுள்ள ட்ரெட்டினாயின் தன் பங்குக்குத் தோலை உரித்துக் காய வைக்கிறது. நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோனை மேற்பார்வை இல்லாமல் நீண்ட நாள் போட்டால், எந்த மங்குக்காகப் போட்டோமோ அதைவிடக் கறுத்த, எளிதில் போகாத திட்டுகள் வரக்கூடும். கன்னத்தில் வந்த பொரிக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் காரணமாக இருக்காது. ஸ்டீராய்டும் அதே மாதிரி பொரிகளை உண்டாக்கும்.

இந்த மூன்று மருந்துக் கலவையே தப்பான மருந்து என்று சொல்லவில்லை. மங்குக்குத் தோல் மருத்துவர்கள் இதைச் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுத்து, நடுவில் பார்த்து, நிறுத்துவார்கள். அந்தப் பார்த்தலும் நிறுத்தலும் உங்களுக்கு நடக்கவில்லை. பூசும் ஸ்டீராய்டுகளை மத்திய அரசு 2018-இல் ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. மருந்துச்சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக்கூடாது. கடைக்காரரை நம்பி வாங்கியது உங்கள் குற்றமில்லை. சீட்டுக் கேட்காமல் கொடுத்தது அவர் தவறு. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்த ட்யூபை அக்கம்பக்கத்தில் யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள், வீட்டில் மகள் கையில் படும்படியும் வைக்காதீர்கள்.

எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே போடத் தோன்றும். போட்டால் இரண்டு நாளில் அடங்கவும் செய்யும். அதுதான் வலை. காலி ட்யூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. தேவைப்பட்டால் ஸ்டீராய்டு அல்லாத களிம்போ, சில வார மாத்திரையோ அவர்கள் தருவார்கள். முகம் பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள்கூட ஆகலாம், மனம் தளர வேண்டாம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதுவரை முகத்துக்கு மூன்றே பொருள்: மென்மையான கழுவும் திரவம், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். மகள் வாங்கித் தந்த சீரம், எலுமிச்சை, தக்காளி, கற்றாழை, பயத்தம்மாவு எல்லாம் ஓரமாக இருக்கட்டும். புண்பட்ட தோலில் எது எரிச்சல் தருகிறது என்று கண்டுபிடிக்க, போடும் பொருள்கள் குறைவாக இருக்க வேண்டும்.

எண்ணெய் வழிந்தும் ஏன் இழுக்கிறது?

உங்களைக் குழப்பும் இடம் இது. நிறையப் பேர் இடறுவதும் இங்கேதான்: “முகத்தில்தான் இவ்வளவு எண்ணெய் இருக்கிறதே, எனக்கெதற்கு க்ரீம்?”

தோலின் மேல்புறத்தில் இருப்பது இறந்த செல்களால் ஆன ஒரு படலம். ஏறக்குறைய 15 முதல் 20 அடுக்கு. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் மொத்தக் கனமே ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. அதற்குக் கீழே உயிருள்ள அடுக்குகளில் எழுபது சதவீதம் அளவுக்கு நீர். மேல் படலத்தில் இருக்க வேண்டியது அதைவிட மிகக் குறைவு. ஆனால் அது 10 சதவீதத்துக்குக் கீழே போனால் படலம் விறைத்து, சொரசொரத்து, வெடிக்கத் தொடங்கும். இழுக்கிறது என்று நீங்கள் சொல்வது அந்த விறைப்பை.

அந்தக் கொஞ்ச நீரை இரண்டு பொருள்கள் பிடித்து வைத்திருக்கின்றன. செல்களுக்கு உள்ளே அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டேட் போன்ற நீரீர்ப்புப் பொருள்கள். செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த கொழுப்பு. இதில் பாதிக்குப் பக்கம் செராமைடு. நெற்றியில் மினுக்கும் எண்ணெய் இந்தக் கொழுப்பே அல்ல. அது எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து வந்து மேலே படிவது. சுரப்பி நன்றாக வேலை செய்யும்போதே செல்களுக்கு நடுவிலுள்ள கொழுப்பு கரைந்து போயிருக்கலாம். மேலே எண்ணெய், உள்ளே நீர்ப் பஞ்சம். இரண்டும் ஒரே முகத்தில் ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

வயலுக்கு எவ்வளவுதான் தண்ணீர் பாய்ச்சினாலும் வரப்பில் நண்டு வளை இருந்தால் விடிவதற்குள் வடிந்துவிடும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் கன்னத்தில் அந்த வளையைத் தோண்டுவது சோப்பு. தோலின் இயல்பான பிஎச் (அமில, கார அளவு) 5-ஐ ஒட்டி இருக்கும், கொஞ்சம் அமிலத்தன்மை. சாதாரண சோப்புக் கட்டியின் பிஎச் 9, 10, அதாவது காரத்தன்மை. ஒவ்வொரு தடவை கழுவும்போதும் அது மேலே உள்ள எண்ணெயோடு செல்களுக்கு நடுவிலுள்ள கொழுப்பையும் கழற்றுகிறது, உள்ளே இருக்கும் நீரீர்ப்புப் பொருளையும் கரைத்துக்கொண்டு போகிறது. தோல் தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில மணி நேரமாவது வேண்டும். நீங்களோ இரண்டு மணிக்கொரு தரம் கழுவுகிறீர்கள். சுரப்பிக்கு இதெல்லாம் தெரியாது, அது தன் போக்கில் சுரக்கிறது. மறுபடி மினுக்குகிறது, மறுபடி கழுவுகிறீர்கள்.

வீட்டில் போர் தண்ணீர் உப்பும் கடினமும் என்றால் இன்னொரு தொல்லை. கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வாளி விளிம்பில் படியும் வெள்ளை அழுக்கும் அதுதான். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் தெருக்குழாயில் வருகிறதென்றால், முகத்துக்குக் கடைசியாக ஒரு சொம்பு அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொள்ளுங்கள்.

சீரம் ஏன் கைவிட்டது?

சீரத்தில் குறையில்லை. பூசிய இடமும் முறையும்தான் சரியில்லை. ஹயலூரானிக் ஆசிட், கிளிசரின், யூரியா இவையெல்லாம் நீரை இழுத்துப் பிடிப்பவை. காற்றில் ஈரம் இருந்தால் அங்கிருந்தும் கொஞ்சம் எடுக்கும், இல்லாவிட்டால் தோலின் அடியிலிருந்து எடுக்கும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வியர்க்கும். அப்போது வெறும் சீரம் போதும் என்று தோன்றலாம். ஏசியோ அறைக் காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே குழாய் வழியாகச் சொட்ட விடும் இயந்திரம். அந்தக் காற்றில் பத்து மணி நேரம் உட்கார்ந்து, காய்ந்த முகத்தில் சீரம் பூசி, மேலே எதுவும் போடாமல் விட்டால் அதிலுள்ள நீர் ஆவியாகி, மிச்சம் உள்ளது ஒரு மெல்லிய ஏடாக இறுகும். இழுப்பு கூடியதன் காரணம் அது. தவிர, ஹயலூரானிக் ஆசிடின் பெரிய மூலக்கூறுகள் மேலேயே தங்குகின்றன. கிளிசரின் சிறிய மூலக்கூறு, உள்ளே இறங்கும், விலையும் குறைவு. சீரம் தீர்ந்தால் மகளிடம் இன்னொன்று கேட்க வேண்டாம்.

இருக்கும் சீரத்தை வீணாக்க மனமில்லை என்றால், முகம் ஆறி மருத்துவர் சரி என்ற பிறகு, ஈர முகத்தில் இரண்டு மூன்று சொட்டு, அது காயுமுன் மேலே மாய்ஸ்சரைசர். இந்த வரிசை மாறினால் பயனில்லை.

தேங்காய் எண்ணெய் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அது தோலுக்கு ஒரு சொட்டு நீர்கூடத் தராது. செதில்களுக்கு நடுவே புகுந்து வழுவழுப்பாக்கும், நீர் வெளியேறுவதை ஓரளவு குறைக்கும். மூடிக் காப்பதில் பெட்ரோலியம் ஜெல்லிதான் முதலிடம். ஆவியாதலை 98 சதவீதம் வரை தடுக்கும் என்பது தோல் மருத்துவத்தில் வழங்கும் கணக்கு, மற்ற எண்ணெய்கள் 20, 30 சதவீதம். ஆனாலும் கை கால் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல பொருள், மாமியார் சொன்னதில் பாதி சரி. பரு வரும் முகத்துக்கு அது ஆகாது, துளைகளை அடைக்கும். மூக்கோரம், புருவம், தலையில் பொடுகு மாதிரி மஞ்சள் செதில் இருந்தாலும் ஆகாது. அந்தப் பொடுகுக்குக் காரணமான ஈஸ்ட் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைத் தின்றே வளர்கிறது.

முகத்துக்கு என்ன செய்வது

காலையில் சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். இரவு வேலை முடிந்து வந்ததும் ஒரு முறை மட்டும் சோப்பில்லாத மென்கழுவி. ‘சிண்டெட்’ அல்லது ‘சோப் ஃப்ரீ’ என்று அட்டையில் போட்டிருக்கும், பிஎச் 5.5 என்றும் இருக்கலாம். நுரை அதிகம் வராது, அதனால் அழுக்குப் போகவில்லை என்று நினைத்து இரண்டாவது முறை போடாதீர்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் மிச்சம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அப்படி இரண்டு, இரண்டரை அளவு.

வாங்கும்போது பொருள் பட்டியலைப் பாருங்கள். கிளிசரின் முதல் நான்கைந்து பெயர்களுக்குள் இருக்க வேண்டும். டைமெத்திகோனோ (ஒரு வகை சிலிக்கோன்) பெட்ரோலேட்டமோ (பெட்ரோலியம் ஜெல்லி) ஏதாவது ஒன்று மூடுவதற்கு இருக்க வேண்டும். எண்ணெய் வழியும் முகத்துக்கு டைமெத்திகோன் பிசுக்கில்லாமல் இருக்கும். செராமைடு இருந்தால் நல்லது, அதற்காக மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. ‘நான் காமெடோஜெனிக்’ என்றால் துளை அடைக்க வாய்ப்பு குறைவு என்று பொருள். வாசனை இருக்கக் கூடாது. முதல் மூன்று நாள் காதுக்குப் பின்னால் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

கடையில் மதியம் மினுக்கினால் பருத்திக் கைக்குட்டையால் ஒற்றுங்கள். கழுவியே ஆக வேண்டும் என்றால் வெறும் தண்ணீர், உடனே கொஞ்சம் மாய்ஸ்சரைசர். ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கிற இடத்தில் கல்லாப்பெட்டி இருந்தால், காற்றடிக்கும் திசையைத் திருப்பச் சொல்லிக் கேளுங்கள். வாடிக்கையாளருக்கு அதனால் நஷ்டமில்லை.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், ஜிங்க் ஆக்சைடு உள்ளதாக இருந்தால் எரியும் தோலுக்குத் தோதுப்படும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழு நீளத்துக்கு இரண்டு கோடு. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அரை மணி நேரம்தானே என்று விட்டுவிட்டால் மங்கு திரும்பும்.

கால் வேறு கதை

முகத்தில் நீர் நிற்காதது கழுவியதால். கால் விஷயத்தில், சிறு வயதிலிருந்தே செதில், அம்மாவுக்கும் அதே, மழைக்காலத்தில் குறைந்து தை, மாசியிலும் ஆடிக் காற்றிலும் கூடுகிறது என்றால், அது இக்தியோசிஸ் எனப்படும் பரம்பரைத் தோல் அமைப்பின் லேசான வகையாக இருக்கலாம். உள்ளங்கையில் கோடுகள் வழக்கத்துக்கு மேல் அழுத்தமாக இருக்கின்றனவா பாருங்கள். அதுவும் ஓர் அடையாளம். செல்லுக்குள் இருக்கும் நீரீர்ப்புப் பொருள்கள் ஃபிலாக்ரின் என்ற புரதத்திலிருந்து பிறக்கின்றன. அந்தப் புரதம் இவர்களுக்குக் குறைவாக உற்பத்தியாகிறது. முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு. ஆகவே அங்கே வெறும் எண்ணெய் தடவினால் மினுக்கும், செதில் போகாது. நீரைப் பிடிக்கும் பொருளையும் கொடுத்து, மேலே மூடவும் வேண்டும். இது குணமாகிவிடும் நோயல்ல, பல் துலக்குவது மாதிரி தினசரி வேலையாக வைத்துக்கொண்டால் அடங்கி இருக்கும்.

இரவு குளிப்பது நல்லது. வெதுவெதுப்பான நீர், ஐந்திலிருந்து பத்து நிமிடம். சுடுநீர் அரிப்புக்கு அந்த நேரத்தில் இதமாக இருக்கும், ஒரு மணி நேரம் கழித்துக் கூடுதலாக அரிக்கும். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வேண்டாம். பீர்க்கங்காய் நாரால் செதிலைத் தேய்த்தெடுப்பதை நிறுத்துங்கள். தேய்த்தால் செதிலோடு மிச்சமிருக்கும் காப்பும் போகும். துவட்டி மூன்று நிமிடத்துக்குள் யூரியா 10 சதவீதம் உள்ள க்ரீம். சொறிந்து புண்ணான இடத்தில் யூரியா எரியும், அங்கே ஆறும்வரை பெட்ரோலியம் ஜெல்லி.

யூரியா க்ரீம் கட்டுப்படியாகாது என்றால் வீட்டிலேயே வழி இருக்கிறது. மெடிக்கலில் கிடைக்கும் கிளிசரின் ஒரு பங்கு, கொதித்து ஆறிய தண்ணீர் மூன்று பங்கு, அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கலந்து ஈரக் காலில் பூசி, அதன்மேல் மெல்லிசாகத் தேங்காய் எண்ணெய். கலந்ததைப் புட்டியில் சேர்த்து வைக்காதீர்கள், கிருமி வளரும். கிளிசரினைத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே பூசவும் கூடாது.

க்ரீம் பூசியும் பலனில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பூசியது போதவில்லை. முழங்காலுக்குக் கீழும் பாதமும் சேர்த்து ஒரு காலுக்குச் சொன்ன அளவில் ஐந்து விரல்நுனி, அதாவது இரண்டரை கிராம். இரண்டு காலுக்கு 5 கிராம், காலை மாலை சேர்த்தால் 10, மாதத்துக்கு 300 கிராம். 20 கிராம் ட்யூப் இரண்டே நாளில் தீர வேண்டும்! அது உங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஓடுகிறதென்றால் காலுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. அதனால் வாசனையில்லாத பெரிய டப்பாவாக, 400, 500 கிராமாக வாங்குவதே கட்டுப்படியாகும். செதில் நன்றாக அடங்கிய பிறகு ஒரு வேளையாகக் குறைக்கலாம்.

பித்தவெடிப்புக்கு இரவில் பத்து நிமிடம் வெதுநீரில் காலை வைத்து, ஊறிய தோலை நுரைக்கல்லால் (பியூமிஸ்) லேசாக மட்டும் தேய்த்து, யூரியா 20 சதவீதத்துக்கு மேலுள்ள களிம்பு, அதன்மேல் ஜெல்லி, பருத்திக் காலுறை. பிளேடால் சீவக் கூடாது. இரத்தம் கசியும் ஆழமான பிளவு இருந்தால் முதலில் ஜெல்லி மட்டும் போட்டு மூடவிடுங்கள். விரலிடுக்குகளில் எந்தக் களிம்பும் போகக் கூடாது. நடவுக்கும் களையெடுப்பிற்கும் போகும் பெண்களுக்குச் சேற்றுப்புண் வரும் இடம் அது. அங்கே ஈரம் சேரச் சேரப் பூஞ்சை கிளம்பும். அந்த இடத்தைத் துடைத்துக் காய வைப்பதுதான் சிகிச்சை.

ஜாக்கிரதையாக இருக்க இரண்டு விஷயங்கள். பாதத்தில் எண்ணெயோடு பாத்ரூம் தரையில் நடந்தால் வழுக்கும், வீட்டில் வயதான மாமியார் வேறு இருக்கிறார். பெட்ரோலியம் ஜெல்லியும் பாரஃபின் களிம்பும் ஊறிய புடவையிலும் காலுறையிலும் தீ சட்டென்று பற்றும். பூசிக்கொண்டு அடுப்படியில் நிற்காதீர்கள், அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள்.

தண்ணீர் குடிப்பது பற்றிச் சுருக்கமாக. உடம்பில் நீர் நிஜமாகவே குறைந்திருந்தால் குடிப்பது உதவும். போதுமான நீர் இருக்கும் உடம்பில் கூடுதலாக ஊற்றுவது மேல் படலத்துக்குப் போகாது, சிறுநீரகம் வடித்துவிடும். ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் உங்களுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் போதும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியான அளவு. இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு 5 லிட்டர் ஆபத்து. மாமியாரையும் அப்படிக் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

ராத்திரி அரிப்பு

ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு, சில வாரங்களாக, இரவில் கூடும் அரிப்பு. இதை வறட்சி என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முதலில் சொறிசிரங்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடம், அக்குள் முன்மடிப்பு: இங்கெல்லாம் சின்னச் சின்ன முண்டுகள் இருக்கின்றனவா பாருங்கள். அப்படியானால் எந்த மாய்ஸ்சரைசரும் தீர்க்காது. பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமைக் கழுத்திலிருந்து கால் வரை இரவு பூசிக் காலையில் குளிக்க வேண்டும்; ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை; வீட்டில் அரிப்பு இல்லாதவர்களும் அதே நாளில். துணிமணி, போர்வையை வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். இதையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மன்னார்குடி அரசு மருத்துவமனையிலோ காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். அரிப்புக்கென்று மெடிக்கலில் இன்னொரு ட்யூப் கேட்டுவிடாதீர்கள். அதிலும் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், சொறியை மறைத்து வளர்க்கும்.

சொறி இல்லை என்றால் இரத்தப் பரிசோதனை தேவை: உங்களுக்குத் தைராய்டும் ஹீமோகுளோபினும் சர்க்கரையும், மாமியாருக்குச் சர்க்கரையோடு சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும். சிறுநீரகம் தளரும்போது வரும் அரிப்பு வறட்சி மாதிரியேதான் தொடங்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்களிடம் மாமியாரின் மாத்திரைப் பட்டியலையும் காட்டுங்கள், சில மாத்திரைகளும் தோலைக் காய வைக்கும்.

மாமியாரின் பாதத்துக்கு உங்கள் முறை அப்படியே பொருந்தாது. சர்க்கரையில் உணர்ச்சி குறைந்த பாதத்தை நீரில் ஊற வைக்கக் கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும், தோல் ஊறிப் பிளக்கும். நுரைக்கல்லும் வேண்டாம், 20 சதவீத யூரியாவும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். கழுவி, விரலிடுக்கு உட்பட ஒற்றித் துடைத்து, பாதத்தின் மேலும் கீழும் மட்டும் 10 சதவீத யூரியா அல்லது ஜெல்லி. தினமும் ராத்திரி உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை நீங்களே பாருங்கள். வெடிப்பில் சிவப்பு, கசிவு, நாற்றம், கறுப்பு எது தெரிந்தாலும் மறுநாள் காலையே மருத்துவமனை. வலி இல்லை என்று அவர் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.